நின்று பேசும் கூட்டம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பாட்டி எழுதுவது. மூன்று நாள் முன்னால் உங்கள் டீமின் கணினித் திரைக் கூட்டத்தில் இருந்தவர்கள்: தாடி மேனேஜர், செயலி செய்யச் சொன்ன மருத்துவமனைக்காரம்மா, செயலியைச் சோதித்துப் பார்க்கும் பெண், என் பேத்தி, தூரத்து ஊரில் மைக்கை அணைத்துவிட்டு நீங்கள். பேத்தியின் முதுகுக்குப் பின்னால் துணி மடித்துக்கொண்டு நான்.

என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. உங்கள் பெண்டாட்டி மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

நீங்கள் அங்கே போனதிலிருந்து நாலு மாதமாக உங்கள் டீமின் காலைக் கூட்டத்தைத் தினமும் கேட்கிறேன். நின்றுகொண்டே பேச வேண்டிய கூட்டமாம், அப்போதுதான் சீக்கிரம் முடியுமாம். எல்லோரும் சாய்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். நின்றது நான் ஒருத்திதான். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், எது தடை என்று மூன்று கேள்வி. நானும் மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்: நேற்று மடித்தேன், இன்றும் மடிப்பேன், தடை முழங்கால்.

அன்று இரண்டு வார வேலையைக் காட்டும் நாள். மருத்துவமனைக்காரம்மா, "டாக்டரைப் பார்க்க நேரம் குறிச்சவங்க அதை ரத்து பண்ண எங்கே அமுக்கணும்?" என்று கேட்டார். அமுக்க ஒன்றும் இல்லை. மேனேஜர் தாடியைத் தடவிக்கொண்டு, "அந்த வேலைக் கார்டை இவங்கதான் எடுத்தாங்க, முடிக்கலை. அடுத்த சுற்றுல வேற ஆளைப் போட்டுடலாம்" என்று என் பேத்தியைக் காட்டினார். அவள் திரையில் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போர்வையைக் கீழே போட்டுவிட்டு முன்னால் வந்தேன். "தம்பி, முந்தின திங்கட்கிழமைக்கு முந்தின திங்கட்கிழமை. நீலக் கோடு போட்ட சட்டை போட்டிருந்தீங்க. ரத்து பண்றதை முதல்ல செய்யலாம்னு இவ சொன்னா. பெரிய வேலை, அடுத்த சுற்றுக்குத் தள்ளுங்கன்னு ஒருத்தர் சொன்னார். நீங்க தலையாட்டிட்டுத் தண்ணி குடிச்சீங்க" என்றேன்.

சோதனைப் பெண் பழைய குறிப்பைத் தேடி எடுத்தாள். தள்ளிவைத்தது என்று அதே தேதியில் இருந்தது. தள்ளச் சொன்னது யாரென்று இல்லை. சட்டையும் இல்லை.

மேனேஜர் மன்னிப்புக் கேட்டார். பேத்தி டீமிலேயே இருக்கிறாள். இப்போது, "பாட்டி, போன வாரம் என்ன முடிவு பண்ணினோம்?" என்று என்னைத்தான் கேட்கிறார்கள். எனக்கு ஒரு நாற்காலியும் வந்துவிட்டது. உங்கள் கல்யாணத்தில் உங்கள் அண்ணன் என் நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டதற்குப் பிறகு இப்போதுதான்.

மேனேஜரை விட்டுவிட்டேன். அவருக்கு ஞாபகம் கிடையாது, பாவம். தள்ளச் சொன்ன அந்த ஒருத்தருக்கு இருந்தது. நான் பேசி முடிக்கும்வரை மைக்கைப் போடாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவள் உங்களிடம் கேட்கமாட்டாள். நீங்களே கூப்பிடுங்கள், மைக்கைப் போட்டுவிட்டுப் பேசுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், நூறு வயசு இருங்கள். ஆனால் அவள் வயிறார ஒரு வேளை சாப்பிடும்வரை நான் மன்னிக்காத ஆள் ஒருவர்தான்: என் பேத்தியின் புருஷன்.