முகத்துக்கு நேரே ஷட்டர்

ஜூன் 9, திங்கள்

இன்று நான் எழுதாமல் விட்டது: "அந்தப் பெண்ணை விடுங்கள்."

ப்ரோகிராமிங் கற்பவர்களுக்கான எங்கள் பைத்தான் டெலிகிராம் குழுவில் புதிதாக வருகிறவர்கள் விதி தெரியாமல் எதையாவது கேட்டால், ஹரி கடை ஷட்டர் இறங்குகிற ஸ்டிக்கரைப் போடுவார். பின்னாலேயே மற்றவர்களும் போடுவார்கள். வேடிக்கையாகத்தான் இருக்கும், நம் முகத்துக்கு நேரே இறங்காதவரை. இன்று வந்தவள் இங்கே மும்பையிலேயே, கோவண்டியிலிருந்து சைனப். ப்ரோகிராமை எழுத்தாகப் போடாமல், கம்ப்யூட்டர் திரையைப் போனில் படம் பிடித்துப் போட்டிருந்தாள். படம் சாய்ந்திருந்தது.

"இது போட்டோ ஸ்டுடியோ இல்லம்மா. வழி மாறி வந்துட்டியா?" என்றார் ஹரி. வரிசையாக ஷட்டர்கள்.

குழுவை நடத்தும் மூவரில் நானும் ஒருத்தி. தட்டினேன். அழித்தேன்.

ஜூன் 10

சைனப்புக்குத் தனியாக எழுதினேன்: வருத்தப்படாதே, எழுத்தாகப் போடு, சொல்வார்கள்.

"கிளாஸ் கம்ப்யூட்டர்ல நெட் இல்லக்கா. படம் எடுத்தாத்தான் உண்டு. சார் வாரத்துக்கு ஒருக்காதான் வருவாரு. சனிக்கிழமை டெஸ்ட். பாஸானாத்தான் இன்டர்வியூக்கு அனுப்புவாங்க."

ஏழாவது வரி வலப்பக்கம் தள்ளித் தொடங்க வேண்டும் என்று சொன்னேன். நன்றி சொன்னாள். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று: "இத அங்கயே சொல்லியிருக்கலாமேக்கா? எனக்கு அந்த குரூப் வேண்டாம். போயிருதேன்."

கோபம் வந்தது. உதவி செஞ்சவளப் பாத்தே இப்படிக் கேக்கா! அப்புறம் — அவ கேட்டதுல என்ன தப்பு? வேற யாருகிட்ட போய்க் கேப்பா?

ஜூன் 11

காலை லோக்கல் ரயில். செம்பூரில் ஏறும்போதே நிற்க இடமில்லை. மூன்று பேர் பெஞ்சில் ஒரு அம்மாள், எங்கிருந்துதான் வருகிறார்களோ என்று இந்தியில் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்து எனக்கு நான்காவது இடம் கொடுத்தாள். பாதி உடம்பு பெஞ்சில், பாதி காற்றில். மடியில் புத்தகம் விரித்தபடியே இருந்தது. ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை.

மாலை சைனப்பிடம் கேட்டேன்: குழுவிலேயே பதில் சொல்லட்டுமா?

"சொல்லுங்கக்கா. இன்னொரு ஷட்டர் விழுந்தா போயிருவேன்."

என் லேப்டாப் திரையைப் போனில் படம் பிடித்தேன். அதுவும் சாய்ந்துதான் வந்தது. ஏழாவது வரியை வட்டமிட்டு அவள் கேள்விக்குக் கீழே போட்டேன். நெட் இல்லாத இடத்திலிருந்து கேட்பவர்கள் படம் போடலாம், ஷட்டர் இனி வேண்டாம் என்றும் எழுதினேன்.

"என்ன ஷாலினி, நீங்களுமா? அப்பறம் ரூல் எதுக்கு?" — ஹரி.

"படம் கூடாதுன்னுதான் ரூல்ல இருக்கு. ஷட்டர் போடணும்னு இல்லையே."

பிறகு, குழுவில் வாயே திறக்காத விசாலாக்ஷி: "போன வருஷம் எனக்கும் எல்லாரும் ஷட்டர் போட்டா. அதுக்கப்பறம் நான் எதுவுமே கேக்கல."

அதன்பின் ஷட்டர் விழவில்லை.

ஜூன் 14, சனி

"பாஸ்க்கா!!!"

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாவது டீ போட்டுக் குடித்தேன்.

ஜூலை 18

ஹரி புது ஆபீஸுக்கு மாறியிருக்கிறார். அங்கே கம்ப்யூட்டரில் டெலிகிராம் திறக்காதாம். இன்று ஒரு கேள்வி போட்டார். திரையின் படம். சாய்ந்த படம்.

"இது போட்டோ ஸ்டுடியோ இல்லண்ணே. வழி மாறி வந்துட்டீங்களா?" என்று சைனப் எழுதினாள். அதற்குக் கீழேயே பிழை எந்த வரியில் என்று வட்டமிட்டுப் போட்டிருந்தாள்.