என் பெயரில் ஓசி ஐஸ்கிரீம்

ஜூன் 7, 2025, சனி

இன்று எனக்குப் பிறந்தநாளாம். சாப்பிட்டு முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

வெயில் நூறைத் தொட்டுவிட்டது, இன்று அடுப்புப் பக்கமே போக வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் சேனாபதி, சுட்ட கறி விற்கிற ஸ்டேக் கடைக்குக் கூட்டிப் போனார். டெக்சாஸில் இந்தப் பேர்லேண்டுக்கு வந்த இத்தனை வருஷத்தில் புத்தி வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். பில் வருகிற நேரத்தில் சர்வர் பெண்ணைக் கூப்பிட்டு என்னவோ ஓதினார். அடுத்த நிமிஷம் ஏழெட்டுப் பேர் கை தட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். அங்கே ஒரு மரச்சட்டத்தில் குதிரைச் சேணம் மாட்டி வைத்திருக்கிறார்கள். பிறந்தநாள்காரர் அதில் ஏறி உட்கார வேண்டும். புடவையோடு ஏறினேன். கடையே "யீ-ஹா" என்று கத்தியது. நானும் கத்தினேன், விடுவேனா?

பிறகு ஓசி ஐஸ்கிரீம் வந்தது. முக்கால்வாசியை அவர்தான் தின்றார்.

"ஏனுங்க, இப்படிப் பொய் சொல்லலாமா?"

"பாஸ்போர்ட்ல ஜூன் ஒண்ணுதானே புள்ள போட்டிருக்கு? ஆறு நாள் முன்னப் பின்ன. அதெல்லாம் ஒரு பொய்யா?"

ஜூன் ஒன்று ஹெட்மாஸ்டர் போட்ட தேதி. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, வயசுக் கணக்குச் சரியாக வரட்டும் என்று அவர் கைக்கு வந்ததை எழுதினார். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அன்றைக்குத்தான் பிறந்தோம். அஞ்சாவதோடு நான் நின்றுவிட்டேன். அந்தத் தேதி மட்டும் அமெரிக்கா வரை வந்துவிட்டது.

ஜூன் 15

அப்பாக்கள் தினம். அவருக்கு மகள் யாமினி கறி சுடுகிற புது கிரில் அடுப்பு வாங்கித் தந்தாள். அம்மாக்கள் தினத்துக்கு எனக்கு வந்தது சப்பாத்தி மெஷின்.  மெஷினை இன்னும் பிரிக்கவில்லை.

ஜூன் 21, சனி

மறுபடியும் பிறந்துவிட்டேன்! இந்தத் தடவை மெக்ஸிகன் கடை, தலையில் குடை மாதிரி ஒரு தொப்பி. கடையை மாற்றிப் போனால் கண்டுபிடிக்க மாட்டார்களாம். இவருக்கு இதிலெல்லாம் நல்ல மூளை.

இதில் கொடுமை என்னவென்றால், இவருடைய கம்பெனி சிநேகிதர் செல்வராஜும் அவர் மனைவி வான்மதியும் கூட வந்திருந்தார்கள். வான்மதி பாவம், நம்பிவிட்டாள். "என்னக்கா, சொல்லவே இல்ல! வெறுங்கையோட வந்துட்டேனே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் இவரைப் பார்க்கிறேன், இவர் விட்டத்தைப் பார்க்கிறார்.

ஜூன் 22

வான்மதி வீடு தேடி வந்து சுங்குடிச் சேலை கொடுத்துவிட்டுப் போனாள். உண்மையைச் சொன்னால் இவர் மானம் போகும். வாங்கி வைத்துக்கொண்டேன். சேலையைத் தொடவே கூசுகிறது — என்ன பிழைப்பு இது?

ஜூலை 4

பின்கட்டில் கிரில். இருபது பவுண்டு கோழி. மசாலா அரைத்தது நான், ஊற வைத்தது நான், வெங்காயம் நறுக்கி அழுதது நான். இடுக்கியைப் பிடித்துப் புரட்டினது அவர். "அண்ணன் கைப்பக்குவமே தனி!" என்றார் செல்வராஜ். "ஆமாங்க, பொகை ஊதறதுல அவரை மிஞ்ச ஆளில்லை" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் எதைச் சொன்னாலும் சிரிக்கிறார்கள். கோபத்தில் சொன்னாலும்.

ஜூலை 19, சனி



பழைய ஸ்டேக் கடைக்கே போனோம். ஒன்றரை மாசம் ஆயிற்று, யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள் என்றார். அதே சர்வர் பெண். இவர் வழக்கம்போல ஓதினார். அவள் என்னைப் பார்த்தாள். "ஜூன்லயே பிறந்தநாள் பண்ணமே, நீங்கதானே சேலையோட ஏறினீங்க?" என்று இங்கிலீஷில் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நல்ல பெண். அதனால்தான் எனக்கு உயிரே போயிற்று. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இவர் என்ன சொன்னார் தெரியுமா? "ஷீ ஃபர்காட்." நான் மறந்துவிட்டேனாம்! என் பிறந்தநாளை நான்!

திருட்டு அவருடையது, திருடி நானா?

ஜூலை 20

காலையில் காபியை வைத்துவிட்டு நேராகக் கேட்டேன். "நான் நெசமா என்னைக்குப் பொறந்தேன், சொல்லுங்க பாப்போம்."

"இரு, பாஸ்போர்ட்டப் பாத்துச் சொல்றேன்."

யாமினி போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஜூன் ஃபர்ஸ்ட்தானே மா? வெயிட், தட்ஸ் த ஃபேக் ஒன், ரைட்?"

ஜூன் ஒன்று பொய் என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால் அன்றைக்கு ஒரு வாழ்த்து கிடையாது. நிஜம் எது என்று ஒருவருக்கும் தெரியாது. அதனால் அன்றைக்கும் கிடையாது. ஐஸ்கிரீம் வேண்டும் என்றால் மட்டும் நான் பிறந்துகொள்ள வேண்டும்.

ஆடிப் பதினெட்டு. அதுதான் நான் பிறந்த நாள். ஜாதகம் பார்த்துத்தானே கட்டினார்? இந்த வருஷம் ஆகஸ்ட் மூன்று, ஞாயிறு. சொல்ல மாட்டேன். செத்தாலும் நானாகச் சொல்ல மாட்டேன்.

ஜூலை 27

"அடுத்த ஞாயிறு செல்வராஜ் குடும்பத்த கிரில்லுக்குக் கூப்பிட்டிருக்கேன் புள்ள. மட்டன் ஊற வெச்சிரு."

ஆகஸ்ட் மூணாம் தேதி. ஊற வைக்கிறேன் சாமி, ஊற வைக்கிறேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

நேற்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மட்டனை ஊற வைத்து ஃபிரிட்ஜில் நடுத்தட்டில் வைத்தேன். அவர் பின்கட்டில் கரி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, கார் சாவியை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். ஸ்டேக் கடையில் எத்தனை பேர் என்று கேட்டார்கள். ஒரு விரலைக் காட்டினேன். மெனுவில் படத்தைத் தொட்டுக் காட்டி விலா எலும்புக் கறி வாங்கினேன். எனக்கென்று நானே கேட்டு வாங்கித் தின்பது இந்த ஊரில் இதுதான் முதல் தடவை.

பாதியில் போன் வந்தது. "எங்கடி போய்த் தொலைஞ்ச? ஆளுக வந்தாச்சு!"

"ஸ்டேக் கடையில சாப்பிட்டுட்டு இருக்கேன். மட்டன் நடுத்தட்டுல இருக்கு" என்று வைத்துவிட்டேன்.

அரை மணி நேரத்தில் வந்து நின்றார். சட்டையெல்லாம் கரிப்புகை. கத்துவார் என்று முள்கரண்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எதிரே உட்கார்ந்தார். 

"வான்மதி புளிசோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காச்சோறுன்னு கொண்டாந்து வெச்சா. கிரில்லுக்கு எதுக்கும்மா இதெல்லாம்னு கேட்டேன். இன்னைக்கு ஆடிப் பதினெட்டுங்கண்ணான்னா."

நான் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"ஜாதகத்துல பாத்தது... இருபத்தாறு வருசம். எனக்குத் தோணவே இல்ல பாரு." தலை குனிந்தே இருந்தது. "இப்ப எத்தனை வயசு புள்ள?"

"இந்தக் கோடையில மட்டும் நீங்களே ரெண்டு ஏத்தி விட்டீங்க. எனக்கெப்படித் தெரியும்?"

சிரிக்க வந்தவர் சிரிக்கவில்லை. நான் கோபமாகச் சொன்னதைக் கோபமாகவே எடுத்துக்கொண்டார் — அதுவும் முதல் தடவை.

அந்தச் சர்வர் பெண் வந்தாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதாவது விசேஷமா என்று கேட்டாள். பாவி, இப்போதுதான் உண்மை இருக்கிறது, இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்?

பர்த்டே எல்லாம் ஒன்றும் இல்லை என்றார் இவர். என் மனைவி சாப்பிட வந்திருக்கிறாள். ஐஸ்கிரீம் ஒன்று கொண்டுவாருங்கள், மறக்காமல் பில்லில் போடுங்கள்.

இங்கிலீஷில்தான் சொன்னார். எனக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.