உன் பள்ளத்தைத் தேய்த்துவிட்டேன்

மாமு, இன்று காலை மரம் தேய்க்கிற சாண்டர் மெஷினைப் போட்டதும் எழும்பியது மரத்தூள் வாசனை இல்லை, மூஞ்சிக்குப் போடுகிற பவுடர் வாசனை. போரிக் பவுடர் தீர்ந்தபோதெல்லாம் உன் பொண்டாட்டியின் டப்பாவைத் திருடி வந்து கேரம் போர்டில் கொட்டுவாயே, அது பலகைக்குள்ளேயே ஊறிக் கிடந்திருக்கிறது. நீ செத்து மூன்று மாதம் ஆகியும் மணக்கிறாய். உயிரோடு இருந்தபோது இவ்வளவு மணந்ததில்லை.

நேற்று ராயபுரத்தில் நம் கேரம் மன்றத்தில் பெரிய சண்டை. போர்டைச் சுவரில் மாட்டி, நடுவில் உன் போட்டோவை ஒட்டி, மாலை போடவேண்டும் என்றார் செயலாளர். எல்லாரும் தலையாட்டினார்கள்.

“அவன் இன்னா காலண்டரா, ஆணி அட்ச்சு மாட்றதுக்கு?” என்றேன்.

“தோஸ்து ஞாபகம் இருக்க வேணாமா நைனா? அந்த போர்டு உங்க ரெண்டு பேர் கைக்குத்தான் அடங்குது. நாங்க அட்ச்சா ஸ்ட்ரைக்கர் தானா திரும்பிக்கினு போவுது. இன்னா ராசியோ!” என்றார் அவர்.

ராசியாம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்த ராசி பிறந்தது திருவொற்றியூரில், என் மரப்பட்டறையில். சுடச்சுட டீ கிளாஸை போர்டில் வைத்து வட்டமாகக் கறை பண்ணிவிட்டு, செயலாளருக்குப் பயந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பலகையோடு ஓடி வந்தாய். மெஷினை நகர்த்திக்கொண்டே இரு, ஒரே இடத்தில் நின்றால் பள்ளம் விழும் என்று கத்தினேன். நீ கேட்டால்தானே? கறை மேலேயே வைத்து அழுத்தினாய். “பாத்தியா, சுத்தமா பூட்ச்சு!” என்றாய். கறை போய்விட்டது. அந்த இடத்தில் விரலை வைத்தால் வழுக்கி உள்ளே இறங்கியது.

அன்றைக்குச் சாயங்காலமே ஸ்ட்ரைக்கர் அங்கே போய்த் திரும்பியது. எவ்வளவு திரும்பும், அதற்கு எவ்வளவு தள்ளிக் குறிவைக்கவேண்டும் என்று நாம் இருவரும் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டோம். அப்புறம் ஒன்பது வருடம் நம் ஜோடியை ஜெயித்தவர் கிடையாது. “வெளிய சொன்னே, மவனே, அவ்ளோதான்” என்று மிரட்டினாய். நான் நேற்றும் சொல்லவில்லை. பள்ளம் போனால் எல்லாரும் ஆடுவார்கள், உன்னைச் சுவரில் மாட்டமாட்டார்கள் என்று போர்டைத் தலையில் வைத்துக்கொண்டு மின்சார ரயில் ஏறிவிட்டேன்.

காலையில் சட்டத்தைக் கழற்றி, பலகை முழுக்கப் பென்சிலால் கிறுக்கினேன். மெஷின் தொட்ட இடத்தில் கிறுக்கல் அழியும், பள்ளத்தில் அழியாது. பெல்ட் போட்ட பெரிய மெஷின் பலகையைத் தின்றுவிடும். அதனால் கையடக்க மெஷினில் நைஸ் உப்புத்தாளை மாட்டி, ஓரத்திலிருந்து ஓரம்வரை நிற்காமல் ஓட்டினேன். போர்டைத் தேடிக்கொண்டு செயலாளர் வந்து சேர்ந்தார்.

“ஐயய்யோ, கோடெல்லாம் பூட்ச்சே!”

“கோடு நா போட்டுத் தரேன். நீ தூசில நிக்காத.”

எல்லா இடமும் வெளுத்துவிட்டது. உன் பள்ளத்தில் மட்டும் உள்ளங்கை அகலம் கிறுக்கல். அதை எடுக்க மொத்தப் பலகையையும் அந்த ஆழத்துக்கு இறக்கவேண்டும். பிளைவுட்டின் மேல்தோலோ காகிதம் மாதிரி. தோல் கிழிந்து அடியில் இருக்கும் அடுக்கின் சிவப்பு தெரிந்தால் ஆடவும் ஆகாது, மாட்டவும் ஆகாது.

செயலாளர் சுவிட்சை அணைக்கப் போனார். “போதும்பா! இருக்கிறதையும் ஒழிச்சிடப்போற!”

எனக்கும் கை நின்றது மாமு. நின்றால் பள்ளம் விழும் என்று உன்னிடம் கத்தியவனே நின்றுவிட்டேன். மெஷின் அதே இடத்தில் உறுமியது. “சுவிட்சத் தொட்டே, பாத்துக்க!” என்று அவரைப் பார்த்துக் கத்திவிட்டு மறுபடி ஓட்டினேன்.

கடைசிக் கிறுக்கலும் போனது. சிவப்பு ஒரு மூலையில் மட்டும், நகத்தளவு. சட்டம் அதை மூடிவிடும். இரும்பு ஸ்கேலை நிறுத்திப் பார்த்தேன். அடியில் வெளிச்சம் நுழையவில்லை.

“எங்க, ஒண்ணு அட்ச்சு காட்டு” என்று செயலாளர் பையிலிருந்து ஸ்ட்ரைக்கரை எடுத்தார். காயை வைத்து அடித்தேன். ஸ்ட்ரைக்கர் நேராக ஓடி, காயை ஒரு விரல் தள்ளித் தாண்டிப் போனது. மறுபடி அடித்தேன், மறுபடியும் அதேதான். அவர் அடித்தார். காய் பறந்தது. மனுஷன் பட்டறை நடுவில் குதித்தார்.

“இன்னா நைனா, ஒன் ராசியும் பூட்ச்சா?”

நாளைக்குக் கோடு போட்டு, வார்னிஷ் அடித்து, மன்றத்தில் கொண்டுபோய் வைக்கிறேன். இனி எல்லாரும் என்னைத் தோற்கடிப்பார்கள். தோற்கடிக்கட்டும். அடிக்கும்போது உனக்காக ஒரு விரல் தள்ளிக் குறிவைக்கிற இந்தக் கையை மட்டும் நான் திருத்தப்போவதில்லை.