லொசேர் மலைக்கு வழி

குருசுக்குப்பம், புதுச்சேரி

அன்பு மகள் விர்ஜினிக்கு,

உன் அம்மா போன வாரம் எனக்குப் போன் செய்தாள். நாங்கள் பிரிந்த பிறகு அவளாகக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரி இனி வேண்டாமென்று லொசேர் மலை வீட்டுக்கே திரும்பிவிட்டாளாம். "புள்ள கார்லயே வரேன்னுது. அதுக்கு மலை ரோடு பழக்கமில்ல. நீங்க வழி சொல்லிடுங்க" என்றாள்.

"நானும் வரட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாங்க. இங்க பனி கொட்டுது. உங்களுக்கு ஆகாது."

அதனால் வழியை மட்டும் எழுதி, பாரிசுக்கு வரும் பக்கத்து வீட்டு ஷார்லிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பாரிசிலிருந்து கிளெர்மோன் ஊரைத் தாண்டித் தெற்கே போகும் பெரிய சாலையிலேயே போ. மாந்த் என்ற ஊர்ப் பலகை வந்ததும் அது காட்டும் பக்கம் திரும்பிவிடு. அதற்கு முன்பே பெட்ரோல் போட்டுக்கொள். ஞாயிற்றுக்கிழமை மலையில் ஒன்றும் திறந்திருக்காது. பனி டயர் இல்லாமல் கிளம்பாதே. பாதி வழியில் போனில் சிக்னல் போய்விடும், பயப்படாதே. பையைப் பக்கத்து இருக்கையில் வைக்காதே, வளைவுகளில் சரிந்து விழும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தபோது அந்தப் பாதையில் நான் ஓட்டுவேன். அந்த இருக்கையில் உன் அம்மா தூங்கிக்கொண்டு வருவாள்.

இங்கே மழை விட்டுவிட்டது. நேற்று பீரோவிலிருந்து என் குளிர்கோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். இன்னும் சரியாகத்தான் இருக்கிறது.

போய்ச் சேர்ந்ததும் கூப்பிடு. அம்மாவுக்குச் சம்மதமென்றால் போனை அணைக்காமல் கட்டில் பக்கத்தில் வைத்துவிடு. நீங்கள் பேசிக்கொண்டிருங்கள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

உன் அப்பா