மரியராஜின் ஈரல்

வயிற்றுவலிக்கு எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டில் மரியராஜின் ஈரலுக்கு நேரே 'அன்ரிமார்க்கபிள்' என்று போட்டிருந்தது. செல்போனில் அர்த்தம் தேடினார். 'சொல்லிக்கொள்ளும்படி இல்லாதது' என்று வந்தது. கிட்னிக்கும் அதே சொல்தான்.

"நாப்பது வருசமா மம்பட்டி புடிச்ச உடம்பு. சொல்லிக்கிறாப்ல இல்லையாக்கும்!" என்று அவர் கொதித்தபோது, மனைவி சவுந்தரம் அடக்கமுடியாமல் சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து இரண்டு நாளாக அவர் அவளிடம் பேசவுமில்லை, ஒழுங்காகச் சாப்பிடவுமில்லை.

மூன்றாம் நாள் காலை அவர் காட்டுக்குப் போயிருந்த நேரத்தில், சவுந்தரம் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதினாள்:

"பிரின்ஸ் அப்பா, பாலவனத்தம் நர்ஸம்மாகிட்ட கேட்டுட்டேன். கோளாறுன்னு சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லைங்கிறதுதான் அதுக்கு அர்த்தமாம். ஈரல் நல்லாருக்காம், கிட்னியும் நல்லாருக்காம். வயித்துவலி வெறும் வாயுவாம். சட்டியில கருவாட்டுக் குழம்பு இருக்கு. போட்டுச் சாப்பிட்டுட்டு மூடி வைங்க, பூனை வரும். நான் அருப்புக்கோட்டைக்குப் போயிட்டு அஞ்சு மணி பஸ்ஸுல வாரேன்."

செருப்பை மாட்டியவள் திரும்பி வந்து, தாளின் ஓரத்தில் நெருக்கி எழுதினாள்: "சிரிச்சது தப்புதான். ரிப்போர்ட்டு வார வரைக்கும் எனக்கு உசுரே இல்ல. பெரிய நோவு எதுவும் அதுல போடலைன்னு தெரிஞ்சதும் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துருச்சு."

சாயங்காலம் வந்து பார்த்தால் சட்டி காலி. அவள் எழுத்துக்குக் கீழே அவர் எழுதியிருந்தார்:

"டீக்கடைக்குப் போறேன். ரிப்போர்ட்டையும் கையோட கொண்டு போறேன். நாலு பேரு பாக்கட்டும்."