மட்டைக்கு டேப் சுற்றுகிறவள்

காட்டன்வுட் ஏரி ஹாக்கி முகாம்
சஸ்காச்சுவான்
6 ஜூலை 1999

அன்புள்ள கழுதைக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். அப்பா வழியெல்லாம் அடுத்தவர் கனோலா வயலைப் பார்த்துப் பொருமிக்கொண்டே வண்டி ஓட்டினார். என்னை இறக்கிவிட்டுப் போகும்போது மூக்கை உறிஞ்சினார். கேட்டால் மகரந்தமாம்.

ஜோலீன், இங்கே நாற்பது பெண்கள்! நாற்பது பேரும் ஐஸ் ஹாக்கி ஆடுகிறவர்கள்! வெளியே வெயில் கொளுத்துகிறது, நாங்கள் உள்ளே ஐஸில் நடுங்குகிறோம். உடை மாற்ற உண்மையான அறை இருக்கிறது. ஊரில் பையன்கள் அணியில் நாம் இரண்டு பேர்தான் பெண்கள் என்று துடைப்பமும் பெயிண்ட் டப்பாவும் கிடக்கிற அறையில் முழங்கை இடித்துக்கொண்டு மாற்றினோமே, அதை இங்கே சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

கோச் பெயர் ரோண்டா. முதல் நாளே, "இங்க யாரும் யாருக்கும் தங்கச்சி இல்ல. மாசக் கடைசில இருபது பேர்தான் மாகாண அணிக்கு. அழறவங்க இப்பவே அழுதுடுங்க, அப்புறம் நேரம் இருக்காது" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

அந்த இருபதில் எனக்கு ஓர் இடம் வேண்டும். வரும் குளிர்காலத்திலிருந்து பையன்கள் மோதி ஆடுவார்கள், இனிப் பெண்களைச் சேர்க்கமாட்டோம் என்று ஊர்ச் சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். இந்த அணியும் இல்லையென்றால் நமக்கு ஆட ஐஸே கிடையாது. பதினைந்து வயதில் ஓய்வு பெற்ற ஆட்டக்காரி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

நீயும் வந்திருக்கவேண்டும்டீ. வலது பக்கம் நீ ஆடாமல் இடது பக்கம் ஆட எனக்குக் கை வரவில்லை. காத்திருப்போர் வரிசையில் முதல் பெயர் உன்னுடையதுதானே. யாராவது ஒருத்தி காலை உடைத்துக்கொள்ளட்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். (கடவுளே, விளையாட்டுக்குச் சொன்னேன்.)

ஒரே ஒரு கஷ்டம். இங்கே அவரவர் மட்டைக்கு அவரவரே டேப் சுற்றிக்கொள்கிறார்கள். என் அறைத்தோழி கிர்ஸ்டனிடம், "எங்க ஊர்ல என் மட்டைக்கு ஜோலீன் சுத்துவா, அவ மட்டைக்கு நான் சுத்துவேன், எட்டு வயசுலேர்ந்து அப்படித்தான்" என்றேன். "நீங்க என்ன புருஷன் பொண்டாட்டியா?" என்று சிரிக்கிறாள். போகட்டும். நான் கிளம்பும்போது நீ சுற்றிக்கொடுத்த டேப்பையே வைத்திருக்கிறேன். நுனி பிய்கிறது, ஆனாலும் மாற்றமாட்டேன்.

உன் இடது பக்கம்,
டாரியா


வில்லோபெண்ட்
9 ஜூலை 1999

அன்புள்ள பெருச்சாளிக்கு,

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். நாற்பது பேர், நாற்பது பேர் என்று துள்ளுகிறாயே, இங்கே ஒருத்தி தனியாகக் கிடக்கிறாள் என்ற ஞாபகம் இருக்கிறதா?

ஊரில் ஒன்றுமில்லை. செவ்வாயன்று ஆலங்கட்டி மழை பெய்தது, உங்கள் வயலுக்குச் சேதமில்லை. நான் ஐஸ்கிரீம் ஜன்னலில் வேலைக்குப் போகிறேன். உனக்குத்தான் ஐஸ், எனக்கு ஐஸ்கிரீம். சிரி.

அம்மா என் ஹாக்கிப் பையைக் கட்டி வாசலிலேயே வைத்திருக்கிறாள். தினமும் தடுக்கி விழுகிறேன். உள்ளே வைக்கலாமே என்றால், "இருக்கட்டும்டி, போன் வந்தா அப்ப தேடிட்டு நிக்கக்கூடாது" என்கிறாள். போன் மணி அடித்தால் கடையிலிருந்து வந்த களைப்பையும் மறந்து ஓடுகிறாள். பெரும்பாலும் சித்தியாக இருக்கும். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

முகாம் தேர்வில் கடைசி நாள் அந்த ஒரு ரப்பர் வட்டை நான் தவறவிடாமல் இருந்திருந்தால்! சரி, விடு. நீ நன்றாக ஆடு. கண்ட டேப்பையும் வாங்காதே, என்னுடையதே நிற்கும்.

உன் வலது பக்கம்,
ஜோலீன்


காட்டன்வுட் ஏரி
11 ஜூலை 1999

ஜோலீன் கண்ணே,

இதை யாரிடமும் சொல்லாதே. உன்னிடம் சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

நேற்று முன்தினம் பயிற்சியில் பின்பக்கமாக ஸ்கேட் செய்யும்போது ஒருத்தி காலில் சிக்கி விழுந்தேன். ஹெல்மெட்டோடு தலை பக்கப் பலகையில் போய் மோதியது. "எந்திரிக்க முடியுதா?" என்று ரோண்டா கத்தினாள். "முடியுது" என்றேன், எழுந்தும்விட்டேன். எல்லாரும் பாராட்டாக மட்டையால் ஐஸைத் தட்டினார்கள்.

அதிலிருந்து சரியில்லை. வெளிச்சம் பார்த்தால் கண்ணுக்குள் குத்துகிறது. நேற்று இரண்டு தரம் வாந்தி. சத்தம் கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டேன். காலையில் கிர்ஸ்டன் பெயரே மறந்துபோய், "ஏய், நீ" என்று கூப்பிட்டேன். கோபித்துக்கொண்டாள். எழுத்து பெரிதாக இருக்கிறதே என்று பார்க்காதே, கோடு நிற்கமாட்டேன் என்கிறது.

ஆனால் கேள், இன்றும் இரண்டு கோல் போட்டேன்! ரோண்டா பக்கத்தில் வந்து, "ஒன்னைக் கவனிச்சிட்டுதான் இருக்கேன்" என்றாள். இப்போது போய்த் தலை வலிக்கிறது என்று சொல்வேனா? சொன்னால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவேன்.

டாரியா


வில்லோபெண்ட்
13 ஜூலை 1999

டாரியா,

கடிதம் இப்போதுதான் வந்தது. தபால்காரர் போவதற்குள் கொடுக்கவேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன்.

தண்ணீர் நிறையக் குடி. வெளியே போனால் தொப்பி போட்டுக்கொள். தலைக்கு வருகிற மாதிரி யாராவது வந்தால் ஒதுங்கிப் போ. நீ ஒதுங்கமாட்டாய், தெரியும்.

நான் வாயைத் திறக்கமாட்டேன். நம் துடைப்ப அறை மேல் ஆணை.

ஆனால் வாந்தி என்றால் சாதாரணமா, டாரியா? எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் வலது பக்கம்,
ஜோலீன்


வில்லோபெண்ட்
17 ஜூலை 1999

ஜோலீன்,

வீட்டிலிருந்து எழுதுகிறேன். நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியும், அதனால் அந்த விலாசத்துக்கே அனுப்புகிறேன். என் விலாசம்தான் அது, மூன்று நாள் முன்புவரை.

புதன் காலை ஐஸில் இறங்கப் போகும்போது ரோண்டா கூப்பிட்டாள். "உங்க ஊர்லேர்ந்து நேத்து ராத்திரி போன் வந்துச்சு. தலைல அடிபட்டத ஏன்டி மறைச்ச?" என்றாள். திட்டவில்லை. என் ஹெல்மெட்டை அவளே கழற்றினாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மூளை அதிர்ந்திருக்கிறது, இன்னொரு அடி பட்டிருந்தால் ஆபத்து என்று டாக்டர் சொன்னார். இருட்டு அறையில் படுத்திருக்கிறேன். படிக்கவோ எழுதவோ கூடாதாம். திருட்டுத்தனமாக எழுதுகிறேன்.

நேற்று அம்மா ரொட்டி வாங்கக் கடைக்குப் போனாள். கல்லாவில் உங்கள் அம்மா. "பாவம் உங்க டாரியா! எங்க ஜோலீனும் நேத்தே கிளம்பிட்டா. போன் வந்த ஒடனே பஸ் புடிச்சிட்டோம்ல" என்றாளாம். அம்மா ரொட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். இப்போது அப்பா பாலுக்கும் முட்டைக்கும் பக்கத்து ஊருக்கு வண்டி ஓட்டுகிறார்.

உன்னைத் தவிர நான் யாரிடமும் சொல்லவில்லை. அதனால் யார் என்று கேட்கப் போவதில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். காத்திருப்போர் வரிசையில் முதல் பெயர் வேறு யாருடையதாவது இருந்திருந்தால், நீ சொல்லியிருப்பாயா?

டாரியா


காட்டன்வுட் ஏரி
21 ஜூலை 1999

அன்புள்ள டாரியா,

உன் கட்டில்தான் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். கிர்ஸ்டன் என்னோடு பேசுவதில்லை. வந்த அன்றைக்கே தலையணை மேல் உனக்கு வந்த ஒரு கடிதம் கிடந்தது. பார்த்தால் என் கையெழுத்து. பதின்மூன்றாம் தேதி நான் போட்டது. கிழித்துப் போட்டிருந்தால் உனக்குத் தெரிந்திருக்காது. போடவில்லை, இத்துடன் வைத்திருக்கிறேன். படி.

அதை எழுதும்போது மனசார எழுதினேன். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தேன், தட்டிலிருந்த பெரோகிக் கொழுக்கட்டையைத் தொடவில்லை. "என்னடி?" என்றாள் அம்மா. அழுதுகொண்டே எல்லாம் சொல்லிவிட்டேன். அம்மா வாசல் பக்கம் பார்த்தாள். நானும் பார்த்தேன். பை அங்கே இருந்தது. அப்புறம்தான் போனை எடுத்தாள்.

"இப்ப போகாட்டி வரிசைல அடுத்தவ போவா, டாரியாவுக்கா அந்த எடம் திரும்பக் கெடைக்கப் போவுது?" என்றாள் அம்மா. அது உண்மைதானே, டாரியா? உண்மைதானே?

நீ கேட்டதற்குப் பதில். தினமும் விளக்கணைத்த பிறகு அதையேதான் கேட்டுக்கொள்கிறேன். தெரியவில்லை. சொல்லியிருப்பேன் என்று எழுதலாம், நீ நம்பவும் செய்வாய். ஆனால் தெரியவில்லை.

என் மட்டைக்கு டேப் சுற்றவில்லை. வெறும் மட்டையோடு ஆடுகிறேன், வட்டு வழுக்கிக்கொண்டே போகிறது. வந்து உன்னைப் பார்க்கலாமா?

எப்போதும் உன் வலது பக்கம்,
ஜோலீன்


வில்லோபெண்ட்
26 ஜூலை 1999

ஜோலீன் ஃப்ரீசனுக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன.

அடிபட்டதை நீ சொன்னது சரி. டாக்டரும் அதையே சொல்கிறார், அப்பாவும் அதையே சொல்கிறார். நீ சொல்லாமலிருந்து நான் செத்துப்போயிருந்தால் என் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதிருப்பாய். சொன்னதற்காக உன்மேல் எனக்குக் கோபமில்லை. சொல்லிவிட்டு ஊரிலேயே இருந்திருந்தால், இந்த இருட்டு அறைக்கு வந்து என்னிடம் திட்டு வாங்கியிருந்தால், ஒரு வாரம் முறைத்திருப்பேன், எட்டாம் நாள் கழுதை என்று கூப்பிட்டிருப்பேன்.

நீ பையைத் தூக்கினாய்.

உங்கள் அம்மா சொன்னது உண்மைதான். நீ போகாவிட்டால் வேறொருத்தி போயிருப்பாள். அவள் யாரென்றே எனக்குத் தெரியாது, அவளோடு நான் துடைப்ப அறையில் உடை மாற்றியதில்லை. அவள் என் கட்டிலில் படுத்தால் எனக்கென்ன?

என் இடத்தில் நீ இருந்து, உன் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். நானும் பையைத் தூக்கியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. அதனால்தான் உன் முகத்தைப் பார்க்க முடியாது. வரவேண்டாம்.

சனிக்கிழமை இருபது பேர் பட்டியல் போடுவார்கள். அதில் உன் பெயர் இருக்கவேண்டும். உன்மேல் பிரியத்தால் சொல்லவில்லை. அதுவும் இல்லையென்றால் இவ்வளவும் எதற்காக நடந்தது? டேப் சுற்றிக்கொண்டு ஆடு. வெறும் மட்டையோடு நின்று தோற்றுவிட்டு, எனக்காகத் தோற்றேன் என்று ஊரில் வந்து சொல்லாதே.

நவம்பரில் எங்கள் வயல் குட்டை உறையும். அதற்குள் தலை சரியாகிவிடும் என்கிறார் டாக்டர். மாடுகள் பார்க்க நான் தனியாக ஆடுவேன்.

இன்று காலை என் மட்டையிலிருந்து நீ சுற்றிய டேப்பை உரித்தேன். பசை விடவேயில்லை, நகத்தால் சுரண்டவேண்டியிருந்தது. பிறகு நானே புது டேப் சுற்றினேன். எட்டு வயதிலிருந்து உன்னுடையதைச் சுற்றின கைதான், ஆனாலும் என்னுடையதற்குக் கோணலாகத்தான் வந்தது. பரவாயில்லை, பழகிவிடும்.

டாரியா மெல்னிக்