வளைத்துக் கட்டிய சுவர்

மூத்தவளின் அம்மாவுக்கு,

நான் நன்றாகவே இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையை விட்டுவிட்டுச் சாக்குச் சொல்லாதே.

வேலைக்கு வந்த இந்த ஊரில் ஒரு சின்ன விஷயம். போன வருஷம் நான் இன்டீரியர் செய்த வீடு ஒன்று பத்திரிகை அட்டையில் வந்ததே, அந்த வீட்டு அம்மாள் படுக்கையறையில் மயங்கி விழுந்துவிட்டார். நான் வளைத்துக் கட்டிய நடைவழியில் ஸ்ட்ரெச்சரைத் திருப்ப முடியவில்லை. நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிப் போவதற்குள் உயிர் போய்விட்டது.

அந்த அம்மாளின் மகன் வந்து, "பெரியவரே, உங்க சுவரு படத்துலதான் அழகு. எங்கம்மாவை வெளிய கொண்டுபோக முடியலையே" என்றான்.

"வரைஞ்சு காட்டினப்போ நீங்கதானே தம்பி தலையாட்டுனீங்க?" என்றேன். சொன்னதில் தப்பில்லை. இதற்கென்று எந்தப் பள்ளிக்கூடமும் போகாமலே முப்பது வருஷம் இந்தத் தொழிலில் நின்றவன் நான்.

நம் வீட்டிலும் அதே வளைவுதான். கட்டும்போது நீ, "நேரா விட்டா என்னவாம், கட்டில்கூட நுழையாது போலிருக்கே" என்றாய். உனக்கென்ன தெரியும் என்று நாலு பேர் முன்னால் உன் வாயை அடைத்தேன்.

டேப்பை எடுத்து அந்த இடத்தை அளந்து எழுது. வேண்டாம், அளக்க வேண்டாம். கொத்தனாரைக் கூப்பிட்டு இடித்துவிடச் சொல். கூரையைத் தாங்கும் சுவர் இல்லை, பயப்படாதே. நான் வரும்வரை காத்திருக்காதே. இடித்து முடிக்கும்வரை முன்னறையில் படுத்துக்கொள்.

இடித்ததும் ஒரு வரி எழுது. இங்கே எனக்கு வேறு யாரும் எழுதுவதில்லை. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

கொத்தனார் காரணம் கேட்டால், அன்றைக்கே நீ சொன்னதுதான் என்று சொல்.

உன் வீட்டுக்காரன்